தங்கச்சி தோட்டம்

என் மாமனாருக்கு ஊரில் இருந்த பெயர் நாளைக்காரர். எதைக் கேட்டாலும் "நாளைக்குப் பாக்கலாம்" என்பார். கூரை ஒழுகுகிறதா, நாளைக்குப் பார்க்கலாம். மோட்டார் புகைகிறதா, அதையும் நாளைக்குப் பார்க்கலாம். நான் பெண் கேட்டுப் போனபோதும் அதையேதான் சொன்னார். மறுநாள் நான் பல்கூடத் துலக்கவில்லை, வாசலில் வந்து நின்று "குடுக்குறேன் மாப்பிள்ளை" என்றார். ஊரில் சிரித்தார்களே தவிர, நாளைக்கு என்று சொன்னதை மனிதர் பெரும்பாலும் மறுநாளே செய்துவிடுவார். ஒரே ஒரு காரியத்தைத்தான் முப்பது வருஷத்துக்கு மேல் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டு போனார். அதில் அடி வாங்கியது என் மனைவி. எனக்கும் கொஞ்சம் பட்டது. இருந்தும் அவரைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை கூடக்குறையப் பேசினால் எனக்குக் கோபம் வந்துவிடும்.

உயரமான ஆள், முதுகு லேசாக வளைந்தவர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு திருப்புளி இருக்கும், பேனா இருக்காது. கோபம் வந்தால் வாயைத் திறக்கமாட்டார், போய் வாய்க்காலில் மண்ணை வெட்டிக்கொண்டிருப்பார். எங்கள் கல்யாண ஏற்பாட்டின்போது வாய்க்கால் நன்றாக ஆழமானது என்று மனைவியின் அக்கா சொல்வார். எல்லாம் என்னால்தானாம். லாரி ஓட்டுகிறவனுக்குப் பெண்ணா என்று மச்சான் ஒரு வாரம் குதித்தாராம். மாமா பதிலே சொல்லாமல் வெட்டிக்கொண்டிருந்தாராம்.

மாமாவுக்கு நிலம் நான்கு துண்டு. வீடும் வீட்டை ஒட்டிய முன் வயலும் ஒன்று. சரிவில் இறங்கினால் பள்ளத்து வயல், எது போட்டாலும் விளையும். வீட்டுக்குப் பின்னால் ஏறினால் மேட்டு நிலம், கல்லும் முள்ளும், தண்ணீர் கிடையாது. இரண்டுக்கும் நடுவில் கிணற்றோடு ஓர் எலுமிச்சைத் தோட்டம். அந்தத் தோட்டத்துக்குப் பெயர் தங்கச்சி தோட்டம். மாமா அப்படித்தான் சொல்வார், அதனால் எல்லோரும் அப்படித்தான் சொன்னோம். கூலிக்கு வருகிறவர்களும் வியாபாரியும்கூட அப்படியே சொன்னார்கள்.

மாமாவுக்குப் பிள்ளைகள் மூன்று பேர். மூத்தவர் மச்சான், நகரத்தில் ஓர் அலுவலகத்தில் அதிகாரி. அடுத்தது அக்கா, பக்கத்து டவுனில் வாழ்க்கைப்பட்டவர். கடைசி என் மனைவி. அண்ணனும் அக்காவும் அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். மாமியாரும் உயிரோடு இருந்தவரை "தங்கச்சிக்குக் குடுடா", "தங்கச்சியப் பாத்துக்கடி" என்று பெரியவர்களிடம் சொல்லிச் சொல்லி, அவருக்கும் அவள் தங்கச்சியாகவே ஆகிவிட்டாள். ஆக, தங்கச்சி தோட்டம் யாருடையது என்று ஒருவரும் கேட்டதில்லை. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து என் மனைவி அதைத் தன் தோட்டம் என்று நம்பி வளர்ந்தாள்.

மாமா மட்டும் அவளைப் பாப்பா என்பார். கல்யாணமாகிப் போனவளை, கையில் மண்வெட்டியோடு நிற்கிறவளை, பாப்பா என்பார். அதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

எங்கள் கல்யாணத்துக்கு அடுத்த கோடையில் பழைய மரங்கள் எல்லாம் காய்ந்து விறகாகிவிட்டன. நான் மாதத்தில் பாதி நாள் ரோட்டில் இருப்பவன். அவள்தான் ஒவ்வொரு குழியாகத் தோண்டி, புதுக் கன்று வைத்து, குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றினாள். எலுமிச்சை முள் கீறிய தழும்பு அவளுடைய இரண்டு முழங்கைக்குக் கீழேயும் இன்றும் இருக்கிறது. வியாபாரி வந்து காயைப் பார்த்துத் தலையை ஆட்டிய வருஷம், கிணற்றுக்குப் பக்கத்தில் இரண்டு அறை கட்டிக் குடிபோனோம். மாமாவே செங்கல் எடுத்துக் கொடுத்தார். "தங்கச்சி தோட்டத்துல விளக்கு எரியுது, நல்லா இருக்கு" என்றார். நாங்கள் மூன்று பேரும் சந்தோஷமாக இருந்தோம், ஆனால் ஒரே காரணத்துக்காக அல்ல.

மாமியார் போனபிறகு ஒருநாள் மாமா மோட்டார் அறையில் விழுந்துவிட்டார். இதயம் இனி அதிகம் தாங்காது என்று டாக்டர் சொன்னார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் பிள்ளைகளைக் கூப்பிட்டனுப்பினார். நிலத்தை இப்போதே பிரித்து எழுதிவிட வேண்டும் என்றார். நாளைக்காரர் இப்போதே என்கிறாரே என்று எனக்குப் பயம் வந்தது. பாகம் எப்படிப் போகுமோ என்று அல்ல, மனிதர் போய்விடுவாரோ என்று.

எல்லோரும் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்தோம். மாமாவுக்குப் படம் வரைய வராது. அடுக்களையிலிருந்து நான்கு டம்ளர் கொண்டுவரச் சொன்னார். பெரிய டம்ளரை இந்தப் பக்கம் வைத்தார். வெள்ளிப் பூண் போட்ட மாமியாரின் டம்ளரைப் பள்ளத்து வயலுக்கு வைத்தார். நசுங்கிப்போன ஒன்றை மேட்டுக்கு. நடுவில் ஒரு சின்ன டம்ளரை வைத்து, அதில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினார். அது கிணறு.

"வீடும் முன் வயலும் பெரியவனுக்கு. பள்ளத்து வயல் நடுவுலவளுக்கு. மேட்டு நிலம் பாப்பாவுக்கு. தங்கச்சி தோட்டம் தங்கச்சிக்கு" என்றார்.

மச்சானுக்கு மூக்கு விடைத்தது. "அவளுக்கு மட்டும் ரெண்டாப்பா?"

"எங்கடா ரெண்டு? ஆளுக்கு ஒண்ணுதானே" என்றார் மாமா.

"நாலு டம்ளர் இருக்கு, நாங்க மூணு பேரு."

"நாலு டம்ளர், நாலு பேரு. சரியாத்தானே இருக்கு?"

மச்சான் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். விழுந்ததில் கணக்குத் தவறுகிறது போலிருக்கிறது என்று எல்லோரும் ஒரே நேரத்தில் நினைத்தோம். அக்காதான் எதற்கும் விட்டுக்கொடுக்காத தன் குரலில் அண்ணனை அடக்கினார். "விடுண்ணா. அந்தக் கல்லு மேட்ட நீ என்ன பண்ணப் போற? தங்கச்சி வாங்கிக்கட்டும், ஆடு மேய்க்கலாம்." மச்சான் சிரித்துவிட்டார். என் மனைவி எழுந்து உள்ளே போனாள். சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள், தோட்டம் கைவிட்டுப் போகவில்லை என்ற நிம்மதியில்.

மறுநாள் பத்திரம் எழுதுகிறவர் வந்தார். மூக்குக்கண்ணாடிக்கு ஒரு காது கயிறுதான். இன்ன துண்டு, இன்னார் பெயருக்கு என்று கேட்டுக் கேட்டு எழுதினார். மச்சான் பெயர், அக்கா பெயர், மேட்டு நிலத்துக்கு என் மனைவி பெயர் எல்லாம் ஆயிற்று.

"அடுத்தது எலுமிச்சைத் தோட்டம். யார் பேருக்குங்க?"

மாமா ஒரு பெயரைச் சொன்னார். அது என் மனைவியின் பெயர் அல்ல.

"இவங்க யாருங்க, உங்களுக்கு என்ன உறவு?"

"என்னங்க கேள்வி இது? என் தங்கச்சி" என்றார் மாமா.

மாமா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கும் புரிந்தது. டம்ளரைத் தட்டிவிட்டவரைப் போலக் கை அந்தரத்தில் நின்றது. பத்திரம் எழுதுகிறவர் பேனாவை மூடிவிட்டு, "நான் போயி ஒரு டீ குடிச்சிட்டு வரேன்" என்று எழுந்துகொண்டார். விவரமான ஆள்.

மாமாவுக்கு ஒரே தங்கை. எப்போதாவது கல்யாணத்துக்கு வந்து ஒரு வேளை சாப்பிட்டு, அடுத்த பஸ்ஸில் போய்விடுகிற பெண்மணி. என் மனைவிக்கு அத்தை, எனக்குச் சித்தி முறை. அவருக்கு வாய்த்த கணவர் சீட்டாட்டத்துக்கே பிறந்தவர். தாத்தா இறந்து நிலம் பாகமானபோது, மனைவி பங்கு எழுதி முடியட்டும், விற்றுத் தீர்க்கலாம் என்று காத்திருந்தாராம். அது தெரிந்து சித்தி அண்ணனிடம் வந்து, "என் பங்கு உன் பேர்லயே இருக்கட்டும்ணே. அவரு காதுக்குப் போக வேணாம். எனக்கு ஒரு காலம் வந்தா குடு" என்று சொல்லி, பங்கு வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். மாமா வாயைத் திறக்க முடியாது. தனக்காவது மறக்காமல் இருக்கட்டும் என்று அன்றிலிருந்து அதைத் தங்கச்சி தோட்டம் என்றார். என் மனைவி பிறந்தது அதற்கு அப்புறம்.

"அத்தை கையெழுத்துப் போட்டாச்சுப்பா. இனி அவங்களுக்கு ஒரு உரிமையும் கிடையாது" என்றார் மச்சான். நேற்று இரண்டா என்று கேட்டவர், இன்று தங்கைக்காகத்தான் பேசினார். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

"காகிதத்துல கிடையாது. எங்கிட்ட இருக்கு" என்றார் மாமா.

எனக்குப் பொறுக்கவில்லை. "வீடு கட்டும்போதாவது சொல்லியிருக்கலாமே மாமா? செங்கல் எடுத்துக் குடுத்தீங்களே!"

"நான்தான் தினமும் சொன்னேனே மாப்பிள்ளை, தங்கச்சி தோட்டம், தங்கச்சி தோட்டம்னு." என்றார் மாமா. "வெளியாளு எம்பொண்ணுதுன்னு நினைச்சிக்கட்டும், அந்தாளுக்குச் சந்தேகம் வராதுன்னு விட்டேன். வீட்டுக்குள்ளயும் அப்படித்தான் நினைக்கிறீங்கன்னு எனக்குத் தோணவே இல்லப்பா. அத்தை தோட்டத்துல புள்ள குடியிருக்கா, எழுதும்போது மேட்டுல நல்லதா கட்டிக் குடுத்துரலாம், நாளைக்குப் பாக்கலாம், நாளைக்குப் பாக்கலாம்னு..."

என் மனைவி எழுந்து போய் மோட்டாரைப் போட்டு, வழக்கம்போல ஒவ்வொரு மரத்துக்கும் தண்ணீர் திருப்பிவிட்டாள். அவளுக்கும் கோபம் வந்தால் மண்தான் வெட்ட வரும், அப்பனைப் போல.

சித்தியைக் கூட்டிவர நான் போனேன். என்ன சொல்லிக் கூட்டிவரச் சொன்னார்களோ அது வேறு, நான் மனதில் வைத்திருந்தது வேறு. உங்களுக்கு வயதாயிற்று, தோட்ட வேலை ஆகாது, வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இதை நயமாக எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

சித்தி குடியிருந்தது ஒரு நீளமான கட்டடத்தின் மாடியில் ஒரே அறை. பள்ளிக்கூடச் சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக் காஜா போடுகிற வேலை. மெஷினுக்கும் கட்டிலுக்கும் நடுவில் பக்கவாட்டில் நடக்க வேண்டும். கணவர் இறந்து எத்தனையோ வருஷம். சுவர் மொட்டையாக இருந்தது. காலண்டர் அலமாரித் தட்டில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது, கணவர் படமும் அதன் பக்கத்தில் அப்படியே. நான் பார்ப்பதைச் சித்தி பார்த்துவிட்டார்.

"ஆணி அடிக்கக் கூடாதுன்னு வீட்டுச் சொந்தக்காரரு சொல்லியிருக்காரு. இதுக்கு முன்ன இருந்த வீட்லயும் அப்படித்தான். அதுக்கும் முன்னயும்."

லாரியில் ஏற்றி உட்காரவைத்தேன். டவுனைத் தாண்டியதும், "மரமெல்லாம் காஞ்சிபோச்சுன்னு கேள்விப்பட்டேன்" என்றார்.

"இப்ப புது மரம் சித்தி. உங்க அண்ணன் பொண்ணு வச்சது."

நான் ஒத்திகை பார்த்ததை எடுக்க வாய் திறந்தேன். அதற்குள் அவரே, "எனக்கு வேணாம்னு சொல்ல வைக்கத்தானே மாப்பிள்ளை பாக்குறீங்க?" என்றார்.

பொய் வரவில்லை. "ஆமா சித்தி."

"நான் சொல்ல மாட்டேன்."

"ஏன் சித்தி, அவரு போனப்புறமாவது வந்து கேட்டிருக்கலாம்ல?"

"நான் கேட்டு அண்ணன் குடுத்தா, கேட்டதுக்காகக் குடுத்ததா ஆயிடும். தானா கூப்பிடுவாருன்னு இருந்தேன். அவரு நாளைக்குன்னு சொல்ற ஆளு. சொன்னாச் செய்வாரு." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "என்ன, நாள்தான் கொஞ்சம் ஆயிடுச்சு."

என் ஒத்திகையெல்லாம் வீணாயிற்று. இவருக்கு எதிராக என்ன பேசினாலும் அது ஆணி அடிக்கக் கூடாது என்று சொன்ன வீட்டுக்காரன் பேச்சாகத்தான் இருக்கும் என்று பட்டது.

அன்று சாயங்காலம் அண்ணனும் தங்கையும் தோட்டத்தில் நின்றார்கள். பேச்சு ஒன்றும் பெரிதாக இல்லை. மாமா "வந்தியா" என்றார். சித்தி "கூப்பிட்ட, வந்தேன்" என்றார். என் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். சித்தி அதை வாங்கும்போது அவள் கையில் இருந்த தழும்புகளைத் தடவிப் பார்த்தார்.

"எல்லாம் நீ வச்சதாம்மா?"

"ஆமாத்தை. என்னுதுன்னு நினைச்சி வச்சேன்."

"எனக்கு வேணும்மா. மன்னிச்சுக்கோ. எனக்குன்னு ஒரு இடம் வேணும்" என்றார் சித்தி. என் மனைவி தலையை ஆட்டினாள். அவளால் அவ்வளவுதான் முடிந்தது. கொஞ்சம் பொறுத்துச் சித்தியே, "கிணத்துத் தண்ணி மேட்டுக்கும் போகணும், காலத்துக்கும். அதையும் அந்தப் பத்திரத்துலயே எழுதச் சொல்லுண்ணே. மேல வீடு கட்டுற வரைக்கும் இவங்க இங்கதான் இருக்கணும். நான் முன் ரூம்புல இருந்துக்கிறேன்" என்றார்.

இது நியாயம்தான். நியாயம் என்று தெரிந்தும் வலிக்கிற வலிக்கு மருந்து ஏது? எல்லோரும் திரும்பி நடந்தபோது என் மனைவி அப்பாவை நிறுத்தினாள். அத்தனை நேரமும் அடக்கி வைத்திருந்தது அப்போதுதான் வந்தது. நிலத்தைப் பற்றிக் கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

"அப்பா, சின்ன வயசுல நீங்க அந்தப் பேரச் சொல்லும்போதெல்லாம் என்னையத்தான் சொல்றீங்கன்னு நினைப்பேன். பள்ளிக்கூடத்துலகூடப் பீத்திக்குவேன், எங்கப்பா எனக்காகப் பேரு வச்ச தோட்டம்னு. அது அத்தைக்குன்னா சரி. எம் பேருல எதுக்காவது பேரு வச்சீங்களாப்பா?"

மாமா அவளையே பார்த்தார். கண் நிறைந்துவிட்டது. உதடு அசைந்தது. கடைசியில் பாழாய்ப்போன அந்த வார்த்தைதான் வந்தது.

"நாளைக்குச் சொல்றேன் பாப்பா."

அவள் சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை நான் அவளிடம் அதற்கு முன் பார்த்ததில்லை, இனியும் பார்க்க வேண்டாம்.

மறுநாள் பத்திரம் எழுதுகிறவர் மறுபடி வந்து உட்கார்ந்தார். தோட்டம் சித்தி பெயருக்கு ஆயிற்று. தண்ணீர்ப் பாத்தியதையும் எழுதியாயிற்று. வாசித்துக் காட்டிக்கொண்டே வந்தவர் மேட்டு நிலத்தில் நிறுத்தினார். "தோட்டத்துக்குத் தங்கச்சி தோட்டம்னு கூப்பிடுற பேரு போட்டிருக்கேன். இதுக்கு மேட்டு நிலம்னு மொட்டையா இருக்கு. வேற பேரு ஏதாவது உண்டுங்களா?"

"உண்டு. பாப்பா மேடு" என்றார் மாமா.

நாங்கள் நிமிர்ந்தோம். பிறந்ததிலிருந்து அந்த நிலத்தில் ஓடிய மச்சானுக்கே அது புதிதாக இருந்தது. "இது எப்ப வச்ச பேருப்பா? நாங்க கேட்டதே இல்லையே."

"நேத்துக் கேட்டா. இன்னிக்கு வச்சேன்" என்றார் மாமா. பிறகு பத்திரம் எழுதுகிறவரிடம், "எழுத்து நல்லாத் தெரியுற மாதிரி போடுங்க. இனி யாருக்கும் தப்பாத் தோணக் கூடாது" என்றார்.

அதற்குப் பிறகு அவர் அதிக நாள் இல்லை. இருந்த நாளில் தடியை ஊன்றிக்கொண்டு மேட்டுக்கு வந்து, ஒரு கல்லில் உட்கார்ந்து, நாங்கள் குழி தோண்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். வழியில் யார் பார்த்துக் கேட்டாலும், "பாப்பா மேட்டுக்குப் போறேன்" என்று உரக்கச் சொல்வார். காது கேட்காதவர்களிடம் இரண்டு தடவை சொல்வார். அவர் போன அன்று மச்சானும் அக்காவும் அழுதார்கள், சித்தி அழுதார். என் மனைவி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போய்விட்டாள். நான் போய்க் கூட்டிவந்தேன்.

இப்போது வீடு மேட்டில் இருக்கிறது. கீழே இரண்டு அறையில் சித்தி. நாங்கள் சாமான் எடுத்த அன்றே சித்தி என்னிடம் சுத்தியல் வாங்கி, தன் கையாலேயே ஆணி அடித்துக் காலண்டரை மாட்டினார். கோணலாகத்தான் தொங்குகிறது. காலையில் அவர் மோட்டார் போடுவார், தண்ணீர் மேலே வரும். மேட்டில் வைத்த கன்றுகளில் பாதி பிடித்தன, பாதி போய்விட்டன. தோட்டத்தில் காய் பறிக்கும்போது என் மனைவியும் போய்ப் பறிக்கிறாள். தான் நட்ட மரத்தின் பக்கத்தில் வரும்போது கொஞ்சம் நின்றுவிட்டுப் போவாள். அது அவளுக்குப் போகாது.

மாமா இறந்த மறு வருஷம் எங்களுக்கு ஒரு பெண் பிறந்தது. வீட்டில் கூப்பிடுவது பாப்பா என்றுதான். நன்றாகப் பேச வந்துவிட்டது. போன வாரம் வியாபாரி வந்து, இந்த இடம் யாருது என்று விளையாட்டாகக் கேட்டிருக்கிறார். "பாப்பா மேடு. எங்க தாத்தா எனக்கு வச்ச பேரு" என்று நெஞ்சைத் தட்டிச் சொல்லியிருக்கிறது. வியாபாரி சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார். நானும் சிரித்துவிட்டு, சின்னப்பிள்ளைதானே, பெரியவளானதும் சொல்லிக்கொள்ளலாம் என்றேன்.

உள்ளேயிருந்து என் மனைவி வெளியே வந்தாள். கை ஈரத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டு குழந்தையைத் தூக்கி என் மடியில் உட்காரவைத்தாள்.

"இப்பவே சொல்லுங்க" என்றாள்.